சேற்றாறும் கரைப் புதரும்

ஆற்றைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் நீரைப் பற்றியே பேசுகின்றனர். அது எந்த மலையில் பிறந்தது, எந்த நாட்டை வளப்படுத்தியது, எந்த மன்னன் அதன் குறுக்கே அணை எடுத்தான் என்பனவே நம் வரலாற்று நூல்களில் இடம்பெறுகின்றன. ஆறு சுமந்துவரும் மண்ணைப் பற்றிய பேச்சு குறைவு. அந்த ஆற்றின் விளிம்பில், நட்டவரும் இன்றிப் பேணுவாரும் இன்றி நிற்கும் புதரைப் பற்றிய பேச்சோ மிகமிகக் குறைவு. இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்டது அப்படிப்பட்ட புதர்களின் வரலாற்றை. ஒரு நாட்டின் உழவரையும் பொறியாளரையும் ஏறத்தாழ 120 ஆண்டுக் காலம் அலைக்கழித்த வரலாறு அது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கில் நியூ மெக்சிக்கோ என்றொரு மாநிலம் உண்டு. மழை அருகிய மேட்டு நிலம் அது. அதன் நடுவே வடக்கிலிருந்து தெற்காக ஓடுவது ரியோ கிராண்டே என்னும் பேராறு. அப்பேராற்றில் மேற்குப் புறத்திலிருந்து வந்து கலக்கும் துணையாறு ஒன்றன் பெயர் ரியோ புவெர்க்கோ. ஸ்பானிய மொழியில் இதற்கு அழுக்கான ஆறு என்று பொருள். அதனை 'அழுக்காறு' என்று தமிழாக்கினால் திருக்குறள் பயின்ற மாணவர்கள் வேறு பொருள் கொள்ளக்கூடும். ஆதலால் சேற்றாறு என்றே சொல்லிவிடுகிறேன்.

இச்சேற்றாற்றின் நீளம் ஏறத்தாழ 230 மைல். கீழ்ப்பகுதியில் ஆண்டின் பெரும்பாலான நாட்களில் படுகை வறண்டு கிடக்கும். கோடை இடிமழை பெய்தால் மட்டும் பழுப்பு நிறக் குழம்பு ஒன்று திடீரெனப் பெருகி வரும். அவ்வெள்ளத்தின் எடையில் பாதிக்கும் மேல் மண்ணாகவே இருந்ததை அளந்தறிந்த நாட்களும் உண்டு. ரியோ கிராண்டேயின் குறுக்கே, கீழே ஒரு பெரிய அணை இருக்கிறது. அதன் நீர்த்தேக்கத்துக்கு வந்து சேரும் நீரில் சேற்றாறு தருவது சுமார் 4 விழுக்காடு. வண்டலில் அது தருவதோ 70 விழுக்காட்டுக்கும் மேல். கொடுப்பதில் இப்படியும் ஓர் ஆறு!

சேற்றாறு எக்காலத்தும் இவ்வளவு கொடியதாக இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதன் கரைகளில் கபேசோன், குவாதலூப்பே, காசா சலசார் முதலிய சிற்றூர்கள் தழைத்திருந்தன. ஸ்பானிய மொழி பேசும் குடியானவர்கள் சுள்ளியும் மண்ணும் கொண்டு ஆற்றின் குறுக்கே சிறு தடுப்பணைகள் இட்டு, வாய்க்கால் வழியே நீரைத் திருப்பி, சோளமும் கோதுமையும் விளைவித்தனர். பின்னர் ஆற்றின் படுகை கீழே இறங்கத் தொடங்கியது. ஒவ்வொரு வெள்ளமும் அடியை அரித்தது; அடி இறங்கவே கரை செங்குத்தாக நின்றது; நின்ற கரை அடுத்த வெள்ளத்தில் சரிந்தது. பல இடங்களில் ஆறு முப்பது அடிக்கும் மேலான பள்ளத்துள் போய் ஒளிந்துகொண்டது. முன்பு நீர் பாய்ந்த வாய்க்கால்களின் தலைவாய்கள் ஆற்றுக்கு மேலே, எட்டாத உயரத்தில் தொங்கின. தடுப்பணைகளை மீண்டும் மீண்டும் கட்டினார்கள். வெள்ளம் மீண்டும் மீண்டும் கொண்டுபோயிற்று. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் கபேசோன் ஆளில்லா ஊராயிற்று. தாத்தா வெட்டிய வாய்க்காலைப் பேரன் விட்டுச் செல்வது எத்தகைய துயரம் என்பதை, வாய்க்கால் பாசனத்தில் வாழும் நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

இந்த அரிப்பு எப்போது தொடங்கியது? இவ்வினாவுக்கு விடை காண முயன்றவர் கிர்க் பிரையன் என்னும் நிலவியல் அறிஞர். அவர் கையாண்ட முறை வரலாற்று மாணவர் கற்கத்தக்கது. 1846, 1849 ஆகிய ஆண்டுகளில் அவ்வழியே சென்ற படை அதிகாரிகளின் பயணக் குறிப்புகளை எடுத்துக்கொண்டார். அரசாங்க நில அளவைப் பதிவுகளைத் தேடிப் பார்த்தார். முதிய குடிகளிடம் கேட்டறிந்தார். மூன்றையும் ஒப்புநோக்கி, 1885க்கும் 1890க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில்தான் ஆறு நெடுகிலும் பள்ளம் பறியத் தொடங்கியது என்ற முடிவை 1928இல் வெளியிட்டார். அதற்குள் ஆற்றுப் பள்ளத்திலிருந்து பெயர்ந்து போன மண் ஏறத்தாழ 4 இலட்சம் ஏக்கர்-அடி என்பது அக்காலக் கணிப்பு. அஃதாவது, அம்மண்ணை ஓர் அடி உயரத்துக்குப் பரப்பினால் 4 இலட்சம் ஏக்கர் மூடிப்போகும். ஆடுமாடுகள் அளவுக்கு மிஞ்சி மேய்ந்ததே காரணம் என்பார் சிலர். மழையின் போக்கு மாறியதே காரணம் என்பார் வேறு சிலர். இவ்வாறுகள் தாமே நிரம்புவதும் தாமே பறிவதும் இயற்கை என்பார் மற்றுஞ் சிலர். மூன்றும் கலந்தே வேலை செய்தன என்பது என் கருத்து.

மேலே கிராமங்கள் அழிந்துகொண்டிருக்க, கீழே வேறொரு கவலை எழுந்தது. நான் சொன்ன அணையின் பெயர் எலிபன்ட் பியூட். நீர்த்தேக்கத்தின் நடுவே யானை வடிவில் ஒரு குன்று இருப்பதால் வந்த பெயர் அது. 1916இல் கட்டி முடிக்கப்பட்ட அவ்வணையை நம்பி நியூ மெக்சிக்கோவின் தென்பகுதி உழவரும், டெக்சாசின் எல்லை உழவரும், உடன்படிக்கைப்படி நீர் பெறும் மெக்சிக்கோ நாட்டு உழவரும் இருந்தனர். நீருக்காகக் கட்டிய இடத்தை மண் பிடித்துக்கொண்டால் அணை கட்டியதன் பயன் என்ன? மண்ணை வரும் வழியிலேயே நிறுத்த வேண்டும் என்று பொறியாளர் எண்ணினர். 1926இல் சேற்றாற்றின் கரையில் ஒரு செடியைக் கொண்டுவந்து நட்டனர். அதுவே டாமரிஸ்க்.

டாமரிஸ்க் அமெரிக்க மண்ணுக்கு உரியதன்று. ஆசியாவும் தென் ஐரோப்பாவும் அதன் தாயகம். அதன் இனத்தைச் சேர்ந்த சில வகைகள் நம் நாட்டு ஆற்று மணலிலும் வளர்கின்றன. சவுக்கின் இலைபோல் மெல்லிய இலை, இளஞ்சிவப்புப் பூங்கொத்து, உவர்நிலத்தையும் பொறுக்கும் உறுதி ஆகியவை அதன் இயல்புகள். 1820களில் அமெரிக்காவின் கீழைக்கரை நாற்றுப் பண்ணைகள் அதனை அழகுச் செடியாக விற்றுவந்தன. அதன் விதை மிகச் சிறியது. மயிரிழைக் குஞ்சம் உடையது. காற்றில் பறக்கும், நீரில் மிதக்கும். வெள்ளம் வடிந்த ஈர மணலில் விழுந்தால் உடனே முளைக்கும். மண் மூடினால் மடிவதற்கு மாறாக, மூடிய தண்டிலிருந்தே புதுவேர் விட்டு மேலே எழும். மண்ணைப் பிடிக்க இதனினும் ஏற்ற செடி ஏது என்று அக்காலத்தார் எண்ணியதில் வியப்பில்லை.

செடி எப்படி மண்ணைப் பிடிக்கிறது என்பதை இங்குச் சற்று விளக்க வேண்டும். வேர் மண்ணைப் பிணித்து நிறுத்துகிறது என்று சிறுவகுப்பிலேயே படிக்கிறோம். அது உண்மையே. ஆயினும் செடி செய்யும் பணியில் அது ஒரு பகுதிதான். நீருக்கு மேலும் நீருக்குள்ளும் நிற்கும் தண்டு செய்யும் பணி வேறு. ஓடும் நீர் ஒவ்வொரு தண்டிலும் மோதுகிறது; மோதிய இடத்தில் விரைவை இழக்கிறது. நீரின் விரைவு இருமடங்கானால் அது மண்ணின்மேல் செலுத்தும் இழுவிசை ஏறத்தாழ நான்கு மடங்காகிறது. மணலைச் சுமந்து செல்லும் ஆற்றல் அதனினும் மிகுதியாகப் பெருகுகிறது. இதனைத் திருப்பிப் பாருங்கள். விரைவு சிறிது தளர்ந்தாலும் ஆறு தன் சுமையில் பெரும்பகுதியை இறக்கிவைக்க வேண்டியதாகிறது. முதலில் பருமணல் படியும், பிறகு நுண்மணல், அதன்பின் வண்டல். களிமண் மட்டும் நீர் அசையாது நின்றாலன்றி எளிதில் இறங்காது.

ஆகவே வெள்ளம் கரையேறிப் புதர்க் காட்டினுள் நுழையும்போது, நுழைந்த ஓரத்திலேயே மணலைக் கொட்டுகிறது. ஓரம் உயர்கிறது. உயர்ந்த ஓரத்தில் புதுச்செடி முளைக்கிறது. அது இன்னும் மணலைப் பிடிக்கிறது. இவ்வாறு செடி மண்ணை வளர்க்க, மண் செடியை வளர்க்க, அகன்று ஆழமற்றுக் கிடந்த ஆறு ஒடுங்கி ஆழமுடையதாகிறது. இதில் ஒரு தீங்கும் உண்டு. ஒடுங்கிய வழியில் அதே அளவு வெள்ளம் வந்தால் நீர்மட்டம் உயர்ந்தே தீரும். கரையை மீறிப் பரவும். புதர் மண்டிய நம் வடிகால்களில் மழைக்காலத்தில் காண்பதும் இதுவே.

சேற்றாற்றில் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. 1930களுக்குப் பின் ஆற்றுப் பள்ளம் பறிவது நின்று, உள்ளே மண் நிரம்பத் தொடங்கியது; ஆற்றின் வழி குறுகியது; கீழே செல்லும் வண்டலின் அளவு குறைந்துவந்தது. அனைத்தும் டாமரிஸ்கின் புகழே என்று சொல்லிவிட முடியாது. பெருவெள்ளங்களின் அளவும் அக்காலத்தில் தணிந்தது. ஆனால் மண் எந்த ஆண்டில் எவ்வளவு படிந்தது என்பதை அச்செடிகளே பதிவுசெய்து வைத்திருக்கின்றன என்பது வியப்பான செய்தி. ஆய்வாளர் ஆற்றோரத்தில் ஆழ்ந்த குழி தோண்டி, புதைந்து கிடந்த டாமரிஸ்க் தண்டுகளை வெளிப்படுத்தினர். தண்டின் ஒரு பகுதி மண்ணுள் புதைந்த ஆண்டுமுதல் அப்பகுதியின் ஆண்டு வளையங்கள் குறுகுகின்றன. நீர் செல்லும் குழல்கள் பருக்கின்றன. அம்மாற்றம் எந்த வளையத்தில் தொடங்குகிறது என்று எண்ணினால், அந்த மட்டத்துக்கு மண் வந்த ஆண்டு தெரிந்துவிடும். எழுத்தின் வடிவு கண்டு கல்வெட்டின் காலத்தைக் கணிக்கும் நம் அறிஞரைப் போல, மரத்தின் வடிவு கண்டு மண்ணின் காலத்தைக் கணித்தார்கள்.

இனிக் கதை திரும்புகிறது. நட்ட செடி நட்ட இடத்தில் நிற்கவில்லை. ஆறுதோறும், ஓடைதோறும் பரவியது. 1960களின் தொடக்கத்தில் மேற்கு மாநிலங்களில் அது பிடித்திருந்த நிலம் ஏறத்தாழ 9 இலட்சம் ஏக்கர் என்று கணக்கிட்டனர். இதற்கிடையில் போர்க்காலத் தொழில்களுக்கும் பெருகிவரும் நகரங்களுக்கும் நீர் தேவைப்பட்டது. ஆழ வேரோடி நிலத்தடி நீரைக் குடிக்கும் டாமரிஸ்க், பிறர் நீரைத் திருடும் கள்வன் என்று பெயர் பெற்றது. ஒரே மரம் ஒரு நாளில் 200 காலன் நீர் குடிக்கும் என்று ஒரு கணக்கு நாட்டில் உலவியது. பிற்கால ஆய்வாளர் அதற்கு அடிப்படையில்லை என்று காட்டினர். ஆனால் ஊர்வாயில் புகுந்த எண்ணை வெளியேற்றுவது எளிதன்று. அரிசோனாவில் கிலா ஆற்றில் 1962 முதல் 1971 வரை பெரிய ஆய்வு நடந்தது. நியூ மெக்சிக்கோவில் பெக்கோஸ் ஆற்றங்கரையில் 1967 முதல் பல்லாயிரம் ஏக்கர் டாமரிஸ்கை அழித்தனர்; அதனால் ஆற்றில் நீர் மிகுந்ததாக அளவைக் கருவிகள் காட்டவில்லை. எனினும் நீரைச் சேமிக்கவும், நாட்டுச் செடிகளுக்கு இடமளிக்கவும் டாமரிஸ்கை ஒழிக்கும் முயற்சிகள் தொடர்ந்தன. மண்ணை நிறுத்த வந்த செடி என்பதைப் பலரும் மறந்தனர்.

2003ஆம் ஆண்டில் சேற்றாற்றின் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஹெலிகாப்டரிலிருந்து களைக்கொல்லி தெளித்தனர். வெள்ளச் சமவெளியெங்கும் அடர்ந்திருந்த டாமரிஸ்க் மடிந்தது. அதனோடு வேறொன்றும் மடிந்தது. ஆற்றின் விளிம்பை ஒட்டி, ஒரு கரைவேட்டியின் கரை அளவே அகலத்தில், அந்நாட்டுக்கே உரிய ஒரு புதர் வரிசையாக நின்றிருந்தது. வில்லோ இனத்தைச் சேர்ந்த, மணல் திட்டுகளில் வளரும் புதர் அது. விரலளவு பருமனுள்ள கோல்கள் நெருங்கி நிற்கும், வெள்ளம் வந்தால் வளையும், வடிந்தால் நிமிரும். அதனை ஒழிக்க வேண்டும் என்று யாரும் எண்ணவில்லை. ஆனால் வானத்திலிருந்து விழும் மருந்துக்கு வேண்டியது எது, வேண்டாதது எது என்று தெரியாதன்றோ!

முதல் மூன்றாண்டுகள் குறிப்பிடத்தக்க எதுவும் நேரவில்லை. 2006இல் வெள்ளம் வந்தது. வெள்ளம் வடிந்தபின், மருந்து தெளித்த பகுதியில் ஆற்றின் சராசரி அகலம் 84 விழுக்காடு பெருகியிருந்தது. ஏறத்தாழ 6 இலட்சத்து 80 ஆயிரம் கன மீட்டர் மண் கரையிலிருந்து பெயர்ந்துபோயிருந்தது. இந்த எண்ணை அப்படியே கேட்டால் அதன் அளவு விளங்காது. 12 கிலோமீட்டருக்குப் பங்கிட்டுப் பார்த்தால், ஆற்றின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 57 கன மீட்டர் வருகிறது. 10 கன மீட்டர் ஏற்றும் லாரியானால் மொத்தம் 68,000 லாரிச் சுமை. தெளித்த பகுதிக்கு மேலேயும் கீழேயும் இதே ஆறுதான், இதே வெள்ளந்தான். அங்கெல்லாம் அரிப்பு பொருட்படுத்தத் தக்கதாக இல்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு காரணத்தை மட்டும் மாற்றி விளைவைப் பார்ப்போமே, அதுபோல இயற்கையே ஓர் ஆய்வை நடத்திக் காட்டிவிட்டது. கிர்க் வின்சென்ட், ஜொனாதன் ஃப்ரீட்மன், எலினார் கிரிஃபின் ஆகிய மூவர் அதனை ஆராய்ந்து 2009இல் வெளியிட்டனர்.

அவர்கள் கண்டவற்றுள் ஒன்று என் மனத்தை மிகவும் கவர்ந்தது. இச்சொற்பொழிவுக்கு இந்த ஆற்றை நான் எடுத்துக்கொண்டதற்கே அதுதான் காரணம். செடிகள் மடிந்தது சமவெளி முழுவதும். அரிப்பு நேர்ந்ததோ ஏறத்தாழ முழுவதும் ஆற்றின் விளிம்பில். சமவெளியின் உட்புறம், டாமரிஸ்க் காடு செத்துக் கிடந்த இடம், பெரும்பாலும் அசையவில்லை. அப்படியானால் வெள்ளத்தின் முன் கரையைக் காத்துநின்றது எது? அரை நூற்றாண்டுக்கு மேலாகப் புகழும் பழியும் சுமந்த டாமரிஸ்க் காடு முழுவதும் அன்று. விளிம்பில் நின்ற நெருங்கிய, வளையும் கோல்களே.

காரணம் முன்பே நாம் கண்டதுதான். இடம் மட்டும் மாறுகிறது. செங்குத்தான கரைக்கு உயிர்நிலை அதன் அடிக்கால். அடிக்காலில் நீரின் இழுவிசை மிகுந்தால், அங்குள்ள மணல் முதலில் கழிகிறது, கரை குடையப்படுகிறது, குடைந்த கரை தன் எடை தாங்காமல் பெருந்துண்டமாக விழுகிறது, விழுந்த துண்டத்தை நீர் கரைத்துக்கொண்டு போகிறது, மீண்டும் அடிக்கால் வெளிப்படுகிறது. கோல்கள் நெருங்கி நின்றவரை அவை நீரின் விசையைத் தாம் ஏற்று, அடிக்காலுக்குச் செல்லும் பங்கைக் குறைத்துவந்தன. கோல்கள் போயின, விசை முழுவதும் மண்ணின்மேல் விழுந்தது.

நாணலும் நெடுமரமும் என்ற கதையை நாம் சிறுவயதில் கேட்டிருக்கிறோம். வளைந்த நாணல் பிழைத்தது, வளையாத மரம் வீழ்ந்தது என்று அக்கதை முடியும். அதில் நாணலின் பிழைப்பு மட்டுமே பேசப்படுகிறது. வளைந்த நாணல் வெள்ளத்தை என்ன செய்தது, அதன் காலடி மண்ணை எப்படிக் காத்தது என்று கதை சொல்பவர் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. காவிரியின் கரையிலோ தாமிரபரணியின் கரையிலோ நாணலும் கோரையும் நிற்கும் இடத்தையும், அவை இல்லாத இடத்தையும் வெள்ளம் வடிந்த மறுநாள் சென்று பார்க்குமாறு மாணவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஓர் அடிக்கோலும் நூலும் போதும். விளிம்பிலிருந்து கரைமேட்டுக்குள்ள தொலைவை ஆண்டுதோறும் அளந்து குறித்துவைக்கலாம். பிரையன் போன்ற ஒருவர் நூறாண்டு கழித்துத் தேடும்போது அக்குறிப்பு அவருக்கு உதவும்.

1926இல் நட்டவரை அறியாதவர் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் கண்ட ஆபத்து மெய்யானது. அவர்கள் நட்ட செடி மண்ணைப் பிடிக்கவும் செய்தது. 2003இல் தெளித்தவரும் நல்லெண்ணம் இல்லாதவர் அல்லர். டாமரிஸ்க் நாட்டுச் செடிகளை நெருக்கியது என்பதும் மெய்யே. இரு திறத்தாரும் காட்டைப் பார்த்தனர். காட்டின் எந்தப் பகுதி எந்தப் பணியைச் செய்கிறது என்று பிரித்துப் பார்க்கவில்லை. மருந்தை விளிம்பில் விழாமல் காத்திருந்தால் விளைவு வேறாக இருந்திருக்கும் என்றே அளவுகளைக் காணும்போது எனக்குத் தோன்றுகிறது.

கரையிலிருந்து பெயர்ந்த மணல் எங்கே சென்றது என்பது ஒன்றே எஞ்சியிருக்கிறது. பொறியாளர் எந்த நீர்த்தேக்கத்தை நினைத்து அஞ்சினரோ, அது வெகு தொலைவில் இருந்தது. மணல் சராசரியாக 5 கிலோமீட்டர் சென்றது. பிறகு ஆற்றின் படுகையிலும், வெள்ளம் ஏறிப் பரவிய சமவெளியிலும் இறங்கிப் படிந்தது.